வடுவூர் சாலையில் சூடேறும் டீசல் கார்: பெரிய ரேடியேட்டர் போட்டால் தீருமா?

கேள்வி: மன்னார்குடியிலிருந்து

வணக்கம். என்னிடம் 2009ஆம் ஆண்டு மாடல் டீசல் கார் இருக்கிறது. தை மாதத்திலிருந்து ஒரு தொல்லை. வடுவூர் வழியாகத் தஞ்சாவூர் போகும்போது, ஏசி போட்டு 80 கிலோமீட்டர் வேகத்தில் பத்து நிமிடம் ஓட்டினால் வெப்பமுள் முக்கால் அளவைத் தாண்டிவிடுகிறது. ஏசியை அணைத்து மெதுவாகப் போனால் இறங்குகிறது. ஆனால் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் இருபது நிமிடம் எஞ்சின் ஓடியபடியே நின்றாலும் முள் நடுவை விட்டு அசைவதில்லை.

அப்பாவை வாரம் இருமுறை டயாலிசிஸுக்கு அழைத்துச் செல்லும் வண்டி இது. நடுவழியில் நின்றுவிடுமோ என்ற பயத்திலேயே ஓட்டுகிறேன். எஞ்சின் சூடேறியதும் நீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்தால் போதும் என்கிறார் ஒரு மெக்கானிக். மூன்று வரிசைக் குழாய் கொண்ட அலுமினிய ரேடியேட்டர், பெரிய ஃபேன், அதிக அழுத்தம் தாங்கும் மூடி எல்லாம் சேர்த்து மாற்றச் சொல்கிறார் உதிரிபாகக் கடைக்காரர். எதை முதலில் செய்வது? இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: சென்ற ஆண்டு கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) குறைந்தபோது இரண்டு மூன்று முறை வயல் போர்வெல் தண்ணீரை ஊற்றியிருக்கிறேன்.

பதில்: கும்பகோணம், ரேடியேட்டர் பட்டறை

தம்பி, பணத்தை எடுத்து வெளியே வைப்பதற்கு முன் ரேடியேட்டரைப் பாருங்கள். நிற்கும்போது சூடேறவில்லை என்றால் ஃபேன் தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். 80 கிலோமீட்டர் வேகத்தில் முன்னாலிருந்து மோதும் காற்றே போதும். அங்கே பெரிய ஃபேன் எதையும் கூட்டித் தராது. நிற்கும் எஞ்சின் தரும் வெப்பம் குறைவு, பாதி அடைத்த ரேடியேட்டரே அதைச் சமாளித்துவிடும். பாரம் ஏறும்போதுதான் குறை வெளியே தெரிகிறது.

தை மாதம் தொடங்கியது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். சம்பா அறுப்புக் காலம். சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காய்கிறது, பக்கத்து வயலில் அறுவடை இயந்திரம் பதரையும் சுணையையும் வாரி இறைக்கிறது. ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இருக்கும் அந்த விரல் அகல இடைவெளியில் அவ்வளவும் போய் உட்காரும். முன்னாலிருந்து பார்த்தால் கண்டென்சர் சுத்தமாகவே தெரியும். மேல் பிடிமானங்களைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். கழுவும்போது எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, சாதாரணத் தோட்டக்குழாய் வேகத்தில் நீர் விடுங்கள். சர்வீஸ் நிலைய அழுத்தக் குழாயைக் காட்டினால் ஃபின்கள் என்ற மெல்லிய தகடுகள் மடிந்துவிடும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றவே கூடாது. பல எஞ்சின்களில் அது திறக்கும்போதே பைபாஸ் வழியையும் அடைக்கிறது. கழற்றிவிட்டால் சூடான நீரில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கம் போகாமலேயே எஞ்சினுக்குத் திரும்பும். பழையது சிக்கியிருக்குமோ என்ற ஐயம் இருந்தால், கழற்றிக் கொதிக்கும் நீரில் போட்டு, திறக்கிறதா என்று பாருங்கள்.

மூடி விஷயம்: அழுத்தம் கூடினால் கூலன்ட் கொதிக்கும் புள்ளிதான் உயரும். எஞ்சின் சூடு ஒரு டிகிரி கூடக் குறையாது. பதினைந்து ஆண்டு ஓடிய பிளாஸ்டிக் டேங்கும் ஹோஸும் அந்தக் கூடுதல் அழுத்தத்தில் பிளந்துவிடலாம்.

பதில்: நாகப்பட்டினம், வாடகைக் கார் ஓட்டுநர்

போர்வெல் தண்ணீர் என்றதும் மனம் பதைத்தது. எங்கள் பக்கம் தண்ணீர் உப்பு. நானும் அதையே ஊற்றி, ஒரே ஆண்டில் ரேடியேட்டர் குழாய்களை அடைத்துக்கொண்டேன். ஹெட் காஸ்கெட்டும் (எஞ்சினுக்கும் அதன் மேல்பகுதிக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது. உங்கள் வண்டியில் காஸ்கெட் நலமா என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்: ஆறிய எஞ்சினைக் கிளப்பிய இரண்டு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகுகிறதா, கூலன்ட் தொட்டியான ரிசர்வாயரில் இடைவிடாமல் குமிழி வருகிறதா? அப்படியென்றால் காஸ்கெட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும். கீழ் ஹோஸையும் பாருங்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் துருப்பிடித்துப் போயிருந்தால், எஞ்சினை முடுக்கும்போது பம்ப் உறிஞ்சும் இழுப்பில் ஹோஸ் சப்பிப்போகும். அதுவும் வேகத்தில் மட்டுமே சூடேற்றும்.

கேள்வி கேட்டவர்

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதே வேலை. அண்ணன் சொன்னது அப்படியே இருந்தது! இடையிலிருந்து இரண்டு கைப்பிடி பதரும் சேறும் எடுத்தேன். ஹோஸ் இறுகவில்லை, குமிழி இல்லை, கீழ் ஹோஸும் சப்பவில்லை. தெர்மோஸ்டாட் திறக்கிறது. தஞ்சாவூர் வரை ஓட்டிப் பார்த்தேன். முள் முன்னைவிட இறங்கியிருக்கிறது, ஆனாலும் ஏசியோடு நடுவைச் சற்றுத் தாண்டுகிறது. அகச்சிவப்பு வெப்பமானியை இரவல் வாங்கி ரேடியேட்டர் முழுக்கக் காட்டினேன். வலது கீழ்மூலை மட்டும் மற்ற இடத்தைவிட மிகவும் குளிர்ந்து கிடக்கிறது.

பதில்: கும்பகோணம், ரேடியேட்டர் பட்டறை

அந்த மூலையில் குழாய்கள் அடைத்துவிட்டன, வெந்நீர் அங்கே போகவே இல்லை. போர்வெல் உப்பு செய்த வேலை. இப்போது ரேடியேட்டர் மாற்றுவது நியாயமான செலவு. ஆனால் மூன்று வரிசை வேண்டாம். தடிமன் கூடினால் காற்று ஊடுருவுவது கடினம், உங்கள் ஃபேனுக்கு இழுக்கும் திறன் போதாமல் போய், ரயில்வே கேட்டில் இல்லாத பிரச்சினை புதிதாக வரும். அகலக் குழாய் கொண்ட இரண்டு வரிசை அலுமினியம் போதும். செம்பு அதைவிட நன்றாக வெப்பம் கடத்தும் என்பது உண்மை. ஆனால் அகலக் குழாயும் எடைக் குறைவும் அலுமினியத்துக்குச் சாதகம். ஃபேனைச் சுற்றியுள்ள ஷ்ரவுட் என்ற கூட்டை மட்டும் கழற்றிப் போட்டுவிடாதீர்கள். புது ரேடியேட்டருக்கு அளவு சேரவில்லை என்று பலர் அதைத் தூக்கி எறிகிறார்கள். அது இல்லாவிட்டால் இறக்கைக்கு எதிரே உள்ள வட்டத்தில் மட்டுமே காற்று இழுக்கும்.

பொருத்துவதற்கு முன் எஞ்சினுக்குள் இருக்கும் பழைய உப்பைக் கழுவி எடுங்கள். காய்ச்சி வடித்த நீரும் கூலன்ட்டும் சரிபாதி. நம் ஊரில் பனி உறையாதே, வெறும் நீர் போதும் என்பார்கள். கேட்காதீர்கள். துருவும் அரிப்பும் வராமல் காப்பது கூலன்ட்டில் உள்ள மருந்துதான், அலுமினியத்துக்கு அது கட்டாயம் வேண்டும்.

கேள்வி கேட்டவர்

இரண்டு வரிசையே வாங்கிப் பொருத்திவிட்டேன், பழைய ஷ்ரவுடைத் துளை மாற்றி அதிலேயே பூட்டினோம். நேற்று ஏசியோடு தஞ்சாவூர் போய் வந்தோம். முள் நடுவிலேயே நின்றது. அப்பா வழி முழுக்கத் தூங்கினார். ஒரே ஒரு சந்தேகம்: அறுப்புக் காலத்தில் கிரில்லுக்குப் பின்னால் கொசுவலை கட்டலாமா?

பதில்: நாகப்பட்டினம், வாடகைக் கார் ஓட்டுநர்

கட்டலாம், நானும் கட்டுகிறேன். ஆனால் இரண்டு நாளுக்கு ஒருமுறை கழற்றி உதறுங்கள். வலையே அடைத்துக்கொண்டால் காற்று அங்கேயே நின்றுவிடும். அறுப்பு முடிந்த வாரமே கழற்றிவிடுங்கள்.