கைரல் கார்பன் புள்ளிகள்: ‘புரிமை’ என்ற சொல்லுக்கான முன்மொழிவு

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

கைரல் தன்மையுடன் (அதாவது தன் கண்ணாடிப் பிம்பத்தோடு பொருந்தாத அமைப்புடன்) ஒளியுமிழும் கார்பன் நானோ துகள்களான ‘கார்பன் புள்ளி’களுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் இந்த இழையில் ‘கைமை’, ‘இடவலமை’, ‘ஆடி ஒவ்வாமை’ என்ற மூன்று சொற்கள் வந்துள்ளன. நான்காவதாக ‘புரிமை’ என்பதை முன்மொழிகிறேன். துகளின் வடிவம், அது ஒளித்தளத்தை (ஒளியின் மின்புலம் அதிரும் தளத்தை) திருப்பும் திசை, அது உமிழும் ஒளியின் மின்புலம் இடமாகவோ வலமாகவோ சுழலும் சுழற்சி ஆகிய மூன்றும் வேறு வேறு. ஒரே சொல்லால் மூன்றையும் குறித்தால் கட்டுரை எழுதுபவரும் குழம்புவார், படிப்பவரும் குழம்புவார் என்பதே என் முதன்மையான கவலை.

ஓர் உருவமும் கண்ணாடியில் தெரியும் அதன் பிம்பமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாத நிலைக்கு இயற்பியலாளர் கெல்வின் பிரபு 1890களில் ‘கைரல்’ என்ற பெயரை வைத்தபோது, கையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதை ஆக்கினார். அதை அப்படியே பின்பற்றுவதுதான் ‘கைமை’. ஆனால் தமிழில் கைம்மை என்பது கணவனை இழந்த நிலை. ஒரு மெய்யெழுத்து குறைந்தாலும் காதுக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கும். ‘ஒவ்வாமை’யை மருத்துவ எழுத்து ஏற்கெனவே அலர்ஜிக்கு எடுத்துக்கொண்டது. இத்துகள்களை உயிரணுக்களில் செலுத்திப் பார்க்கும் ஆய்வுகளும் நடப்பதால், ஒரே பத்தியில் இரு பொருள்களும் மோதும். ‘இடவலமை’ பழுதில்லாத சொல். அதை வேறோர் இடத்தில் பயன்படுத்தலாம் என்பதால் பின்னர் அதற்கு வருகிறேன்.

புரி என்றால் முறுக்கு. முப்புரி நூல், புரிகுழல், வலம்புரிச் சங்கு என்று அப்பொருள் இன்றும் வழக்கில் உள்ளது. நான்கு வெவ்வேறு தொகுதிகள் இணைந்த கார்பன் அணுவில் முறுக்கு எங்கே இருக்கிறது என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. வடிவத்தை மட்டும் பார்த்தால் அங்கே முறுக்கு தெரியாது. ஆனால் இத்தகைய மூலக்கூறு ஒளியை உட்கவரும்போது மின்னூட்டம் ஒரு திசையில் நகர்வதுடன் அதே திசையை அச்சாகக் கொண்டு சுற்றவும் செய்கிறது. நகர்வும் சுற்றும் சேர்ந்தால் கிடைப்பது திருகுப் பாதை. இடச்சுழற்சி ஒளியையும் வலச்சுழற்சி ஒளியையும் அது வெவ்வேறு அளவில் உட்கவர்வதற்கு இதுவே காரணம். ஆகவே ஒளியியலைப் பேசும் இடத்தில் ‘புரிமை’ வெறும் உருவகமாக நிற்காமல் காரணத்தையே சொல்கிறது.

கார்பன் புள்ளிகளைப் பொறுத்தவரை இது இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. 2004இல் கார்பன் நானோ குழாய்களைத் தூய்மைப்படுத்தும்போது எதிர்பாராமல் கிடைத்த ஒளிரும் துணுக்குகளே இத்துறையின் தொடக்கம். 2006இல் கிளெம்சன் பல்கலைக்கழகக் குழு ‘கார்பன் புள்ளி’ என்ற பெயரைக் கொடுத்தது. அவை பெரும்பாலும் 10 நானோமீட்டருக்கும் சிறியவை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் நிக்கோலஸ் கோட்டோவ் பங்கேற்று 2016இல் வெளியான ஆய்வில், கிராஃபீன் (மெல்லிய கார்பன் ஏடு) புள்ளிகளின் விளிம்பில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் கண்ணாடிப் பிம்ப வடிவங்களான எல்-சிஸ்டீனையோ டி-சிஸ்டீனையோ இணைத்தபோது, தட்டையாக இருக்க வேண்டிய அந்த ஏடே முறுக்கிக்கொள்வதாகக் காட்டினார்கள். எல் வகையின் நிறமாலையும் டி வகையின் நிறமாலையும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக அமைந்தன.

இனி அந்த மூன்று வேறுபாடுகள். டி, எல் என்பவை அணுக்களின் அமைப்பைக் குறிக்கும் அடையாளங்கள். ஒளித்தளம் எப்பக்கம் திரும்பும் என்பதை அவை சொல்வதில்லை. டி-ஃபிரக்டோஸ் ஒளித்தளத்தை இடப்பக்கம் திருப்புகிறது என்பது பாடநூல் எடுத்துக்காட்டு. எனவே நம் பாடநூல்களில் உள்ள வலஞ்சுழி, இடஞ்சுழி என்ற சொற்களை ஒளித்தளத்தின் திருப்பத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, அமைப்பைச் சொல்லப் ‘புரிமை’யைப் பயன்படுத்த வேண்டும். துகளை வலம்புரி, இடம்புரி என்று பிரித்து அழைக்கும் ஆசை எனக்கும் உண்டு. ஆயினும் அதை இப்போது தவிர்க்க வேண்டும் என்றே கருதுகிறேன். கோயிலில் நாம் வலம்புரி என்று போற்றும் சங்கை விலங்கியலார் இடச்சுருள் உடையது என்கிறார்கள். சங்கின் எந்த முனையை மேலே வைத்துப் பார்ப்பது என்பதில் இரு மரபுகளும் வேறுபடுவதால் வந்த நிலை இது. அறிவியல் பெயரில் இந்த ஐயம் நுழையக்கூடாது. ‘எல்-சிஸ்டீன் வழிப் புரிமைக் கார்பன் புள்ளி’ என்று மூலப்பொருளைச் சொல்லிவிடுவது நீளமானாலும் தெளிவானது.

மூன்றாவதான உமிழ்வில்தான் அதிகக் கவனம் தேவை. ஒரு துகள் புரிமையுடன் இருப்பதாலேயே அது உமிழும் ஒளியும் சுழற்சி கொண்டதாக இருக்கும் என்று கொள்ள முடியாது. புரிமை மேற்பரப்பில் மட்டும் இருந்து, ஒளி துகளின் நடுப்பகுதியான கருவிலிருந்து வந்தால் உமிழ்வில் இட வல வேறுபாடு ஏறத்தாழ இல்லாமலே போகலாம். மேலும் சிட்ரிக் அமிலத்தையும் சிஸ்டீனையும் சேர்த்துச் சூடாக்கும்போது தையசோலோபிரிடின் வகை ஒளிர் மூலக்கூறு ஒன்று உருவாகிறது. நீல ஒளியில் துகளின் பங்கு எவ்வளவு, அம்மூலக்கூறின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிவது எளிதன்று. அதனால் ‘ஒளிரும்’ என்பதைப் பெயருக்குள் வைக்காமல் அடைமொழியாக வெளியே வைக்கிறேன். ‘குவாண்டம் புள்ளி’ என்று எழுதுவதையும் ஏற்க இயலவில்லை. அப்பெயர் அளவைப் பொறுத்து நிறம் மாறும் துகள்களை நினைவூட்டும்; இவற்றின் நிறமோ எப்போதும் அளவைப் பொறுத்து மட்டும் அமைவதில்லை.

உமிழ்வின் இட வல வேறுபாட்டை அளக்கும் எண்ணுக்கு ‘இடவலமைக் காரணி’ என்ற பெயர் பொருத்தம். உமிழப்படும் இடச்சுழற்சி, வலச்சுழற்சி ஒளிகளின் செறிவுகளுக்கு இடையிலான வேறுபாட்டை அவற்றின் சராசரியால் வகுத்தால் இது கிடைக்கும். இதன் உச்ச அளவு 2. 10,000 ஃபோட்டான்களில் 5,005 ஒரு சுழற்சியும் 4,995 மறு சுழற்சியும் கொண்டிருந்தால் காரணி 0.002. கரிமச் சேர்மங்களில் அடிக்கடி காணப்படுவது இந்த அளவிலான சிறு வேறுபாடுதான்.

ஒளியின் இந்தச் சுழற்சித் தன்மையை (circular polarization) எப்படி அழைப்பது என்ற ஒரு சிக்கல் மட்டும் எனக்குத் தீரவில்லை. polarization என்பதற்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் தரும் ‘தளவிளைவு’ என்ற சொல்லுக்கு முன்னால் ‘வட்ட’ என்று சேர்த்தால், மின்புலம் ஒரே தளத்தில் நில்லாத ஒளிக்குத் தளத்தின் பெயரைச் சூட்டியதாகிறது. ‘வட்ட முனைவாக்கம்’ மேலானது என்று தோன்றுகிறது. காபன் என்று எழுதும் ஈழத்து நண்பர்கள் இதற்கு எதை வழங்குகிறார்கள் என்பதை அறிந்த பின்னரே தொகுப்பில் இச்சொல்லைச் சேர்க்க விரும்புகிறேன்.