ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போனவர்களை போனில் கவனிக்க என்ன ஏற்பாடு செய்யலாம்?

கேள்வி: அம்பை வார்டு சிஸ்டர்

எல்லாருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் 20 படுக்கை ஆஸ்பத்திரி. சர்ஜன் பாளையங்கோட்டையிலிருந்து செவ்வாய், வெள்ளி மட்டும் வருவார். குடலிறக்கத்துக்கு மெஷ் (உள்ளே வைக்கிற வலை), லேப்பராஸ்கோப்பில் (சிறு துளை வழியா கேமரா விட்டு) பித்தப்பை, அப்பெண்டிக்ஸ், சிசேரியன், இவ்வளவுதான் நடக்கும். ஆட்கள் பாபநாசம், காரையார், கடையம், முக்கூடல் வரைக்கும் இருக்காங்க. தையல் பிரிக்க ஒரு நாள் வருவாங்க. அதுக்கு முன்னாலயும் பின்னாலயும் புண் எப்படி இருக்குன்னு நமக்குத் தெரியாது.

புண்ணைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி, சர்ஜனுக்குத் தள்ளி விட்டா போதுமா? எந்தெந்த நாள் பார்க்கணும்? எதைப் படத்தில் நம்பலாம், எதுக்கு உடனே வண்டி ஏத்தணும்? ஆபரேஷன் தியேட்டர் கேமராவை வெளியே இருக்கிற சீனியர் பார்க்கிற மாதிரி இணைக்கவும் ஒரு பேச்சு ஓடுது. அதுக்கு என்னென்ன வேணும்?


பதில் 1: நெல்லை சர்ஜன்

சிஸ்டர், படத்திலிருந்து தொடங்காதீங்க. நாளிலிருந்து தொடங்குங்க.

சாதாரணமா சீழ் வைக்கிற புண் 5-ம் நாளுக்கும் 10-ம் நாளுக்கும் நடுவில்தான் முகம் காட்டும். அப்போ ஆள் வீட்டில் இருப்பார். அறுவைப் புண் தொற்று என்று கணக்கில் எடுப்பது 30 நாள் வரை, மெஷ் வைத்திருந்தால் 90 நாள் வரை. அதனால் 2, 5, 8, 14, 30 ஆகிய நாட்களில் நீங்களே போன் போடணும். மெஷ் கேஸுக்கு 90-ம் நாள் ஒரு கூடுதல் போன். "ஏதாவதுன்னா கூப்பிடுங்க" என்று சொல்லி அனுப்பினால் நம்ம ஊரில் கூப்பிட மாட்டாங்க. பக்கத்து மெடிக்கலில் நாலு மாத்திரை வாங்கிப் போட்டுக்கிட்டு, காய்ச்சல் அமுங்கினதை ஆறினதா நினைச்சிருப்பாங்க. "வேற எங்கயாவது மாத்திரை வாங்கினீங்களா?" என்பதை ஒவ்வொரு போனிலும் கேளுங்க.

2-ம் நாள் போன் எதுக்குன்னா, முதல் 48 மணி நேரத்தில் புண்ணைச் சுற்றி வலி அளவுக்கு மீறி ஏறி, காய்ச்சலும் சேர்ந்தால் அது சாதாரணத் தொற்று இல்லை. தசையுறையை அழிச்சுக்கிட்டு வேகமாப் பரவும் வகையா இருக்கலாம். படம் கேட்டு நேரத்தைப் போக்காதீங்க, ராத்திரியே வரணும்.

படம் எங்கே ஏமாற்றும் என்று தெரிஞ்சுக்கணும். பாடத்தில் "சிவப்பு" என்று படிச்சிருப்போம். நம்ம ஆட்களின் கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள தோலைவிட இன்னும் கருத்து, கொஞ்சம் ஊதா ஓடி, இழுத்துக் கட்டினாப்போல மினுங்கும். போன் கேமரா அதைச் சமன் பண்ணி அழிச்சுடும். வீட்டில் இருக்கிறவர் புறங்கையைப் புண்ணுக்குப் பக்கத்திலும், அதே வயிற்றின் மறுபக்கத்திலும் வச்சு, எது சூடு என்று சொல்லட்டும். எனக்கு அந்தப் பதில் பத்துப் படத்துக்குச் சமம்.

லேப்பராஸ்கோப் பித்தப்பை கேஸில் இன்னொரு ஏமாற்று இருக்கு. துளைகள் நாலும் அழகா ஆறியிருக்கும், உள்ளே பித்தம் கசிஞ்சுக்கிட்டிருக்கும். அங்கே படம் வேலைக்கே ஆகாது. வயிற்று வலி நேற்றைவிடக் கூடியிருக்கா, வலது தோள்பட்டை வலி குறையாம கூடுதா, சாப்பாடு இறங்குதா, கண் மஞ்சளா, சிறுநீர் கட்டன் சாயா நிறமா என்பதைத்தான் கேட்கணும். தோள்வலி முதல் ரெண்டு நாள் வாயுவால் வரும், பிறகு குறையும். 4-ம் நாள் புதுசா வந்தால் வரச் சொல்லுங்க.

வயிற்றைத் திறந்து செய்த கேஸில் 5 முதல் 8 நாளுக்குள் கட்டு திடீர்னு இளஞ்சிவப்புத் தண்ணியா நனைஞ்சா, மேல்தோல் தையல் நல்லாவே இருந்தாலும் உள்தையல் விட்டிருக்கு என்று வச்சுக்கோங்க. ஆளைப் படுக்க வச்சு, சுத்தத் துணியை நனைச்சு மேலே போட்டு, இருமாம பார்த்துக்கிட்டு, 108-ஐக் கூப்பிடணும். எழுந்து நடந்து பஸ் ஏறினால் குடல் வெளியே வந்துடும்.

குடலிறக்க ஆபரேஷனுக்கு அப்புறம் அதே இடத்தில் வீங்கினால் நீர் கோத்ததா, ரத்தமா, திரும்ப இறங்கினதா என்று படத்தில் பிரிக்க முடியாது. வலியில்லாம, காய்ச்சலில்லாம, மெதுமெதுன்னு ஒரே அளவில் இருந்தால் பெரும்பாலும் நீர்தான். வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கலாம், ஊசி போட்டு எடுக்க வேண்டாம். ஒரே ராத்திரியில் பெருத்தால் காத்திருக்கக் கூடாது.

சிசேரியன் தாய்மார்களைப் புண்ணோடு நிறுத்தாதீங்க. தலைவலி, கண் மங்கல், ஒரு கால் மட்டும் வீக்கம், மூச்சு வாங்கல், நாற்றமான கசிவு, இதையெல்லாம் ஆறு வாரம் வரை கேட்கணும். இவை எதுவும் படத்தில் வராது.


பதில் 2: கட்டு அறை

சர்ஜன் சார் சொன்னது சரி. ஆனாலும் படத்துக்கு ஒழுங்கு வேணும், இல்லேன்னா வர்ற பத்தில் எட்டு ஆட்டம் கண்டு மங்கலாத்தான் இருக்கும்.

முதல் படத்தை வீட்டில் எடுக்கச் சொல்லாதீங்க. டிஸ்சார்ஜ் அன்னைக்கு வார்டிலேயே, அவங்க போனிலேயே, கூட இருக்கப்போற ஆளை வச்சு எடுக்க வைங்க. ரெண்டு லாபம். அந்த ஆளுக்குப் பழகிடும். பிறகு வர்ற படத்தை ஒப்பிட அதே கேமராவில் ஒரு படம் கையில் இருக்கும். சேர்க்கும்போது எழுதின நம்பர் துபாயில் இருக்கிற மகனோடதா இருக்கும், பார்த்துக்கோங்க. ராத்திரி அதே வீட்டில் படுக்கிற ஆளோட நம்பர் வேணும். பக்கத்து வீட்டு நம்பர் இன்னொன்று.

எடுக்கிற முறை: காலை 8-லிருந்து 10-க்குள், ஜன்னல் பக்கம், வெயில் நேரா விழாம. ஃபிளாஷ் வேண்டாம், ஈரத்தில் பட்டு வெள்ளைத் திட்டு விழும். பியூட்டி மோடை அணைக்கணும். புது போனில் அது தானாவே போட்டுக் கிடக்கும், தோலை மொழுகி வச்சுடும். லென்ஸைத் துணியில் துடைக்கணும். முதலில் அவிழ்த்த காஸை (கட்டுத்துணியை), புண்ணைத் தொட்ட பக்கம் தெரிய, காயுறதுக்கு முன்னால ஒரு படம். என்ன நிறம், எவ்வளவு நனைஞ்சிருக்கு என்று அதில்தான் தெரியும். இதை எல்லாரும் குப்பையில் போட்டுட்டுத்தான் புண்ணைப் படம் எடுப்பாங்க. அடுத்து ஒரு முழம் தள்ளி வயிறு முழுசும் தெரிய ஒன்று. கடைசியா ஒரு சாண் தூரத்தில் நேர் மேலிருந்து ஒன்று, பக்கத்தில் அளவுப் பட்டையோட. 10 சென்டிமீட்டர் பட்டையைக் காகிதத்தில் அச்சடிச்சு, பேர் போடாம ஆஸ்பத்திரி எண் மட்டும் எழுதி, டிஸ்சார்ஜ் சீட்டோட அஞ்சாறு கொடுத்து விடுங்க.

பச்சைத் துணி மேல வச்சு எடுக்கக் கூடாது. கேமரா பச்சையைச் சரிக்கட்டப் போய்த் தோலை ரோஸ் ஆக்கிக் காட்டும். வெளிறின பழைய படுக்கை விரிப்பு போதும். கருமை பரவுதான்னு சந்தேகம் வந்தா, அதன் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு, மணியையும் எழுதி, 12 மணி நேரம் கழிச்சு இன்னொரு படம். கோட்டைத் தாண்டியிருந்தா பேச்சே இல்லை, வரணும்.

இன்னொன்று. நம்ம பக்கம் தையல் மேல மஞ்சள் வைப்பாங்க, தேங்காய் எண்ணெய் தொடுவாங்க. மஞ்சள் பட்ட ஓரம் படத்தில் சீழ் மாதிரி தெரியும், எண்ணெய் வீக்கத்தோட மினுமினுப்பைக் காட்டும். திட்டினா மறைச்சுடுவாங்க. "என்ன தடவினீங்க?"ன்னு சும்மா கேட்டா சொல்லிடுவாங்க.

பீடி சுத்துற அக்காமார் முக்கூடல், ஆலங்குளம் பக்கம் நிறைய. தட்டை மடியில் வச்சுக் குனிஞ்சு உட்கார்ந்தா இடுப்புக்குக் கீழ இருக்கிற தையல் மடிப்புக்குள்ள போய் வேர்த்து ஊறும். "வேலைக்குப் போறீங்களா?"ன்னு கேட்டா இல்லைன்னுதான் சொல்வாங்க, வீட்டிலதானே சுத்துறாங்க. "இன்னைக்கு எத்தனை கட்டு பீடி?"ன்னு கேளுங்க.


பதில் 3: வள்ளியூர் நெட்

சிஸ்டர், இணைய சமாச்சாரம் என் பங்கு. விளம்பரத்தில் போடுறது டவுன்லோட் வேகம். உங்களுக்கு வேண்டியது அப்லோட். ஆளைப் பார்த்துப் பேசுற வீடியோவுக்கு 1 எம்பிபிஎஸ் நிலையா இருந்தா தாராளம். (டாக்டர் பட்டம் இல்ல, இணைய வேகம்.) தியேட்டர் படத்தை 1080 தரத்தில் அனுப்ப 5 வேணும், அதுவும் ஏறி இறங்காம.

எக்ஸ்ரே ஃபிலிமை ஜன்னலில் பிடிச்சு போட்டோ எடுத்து அனுப்பாதீங்க, மெல்லிய கோடெல்லாம் செத்துப்போகும். ஃபைல் இருந்தா வாட்ஸ்அப்பில் போட்டோவா இல்லாம டாக்குமென்டா அனுப்புங்க, சுருக்காது. சிடி ஸ்கேனுக்கு இது கணக்கு: ஒரு ஸ்லைஸ் (ஒரு வெட்டுப் படம்) 512×512 புள்ளி, புள்ளிக்கு 2 பைட், ஆக அரை எம்பி. 500 ஸ்லைஸ்னா 250 எம்பி. 2 எம்பிபிஎஸ் அப்லோடில் (வேகத்தைப் பிட்டில் சொல்றாங்க, 8 பிட் ஒரு பைட்) 17 நிமிஷம். அவசரக் கேஸில் ஆளை ஏத்தின உடனே அப்லோடைத் தட்டி விட்டா, வண்டி பாளை போறதுக்குள்ள படம் போய்ச் சேர்ந்துடும்.

தியேட்டருக்கு: லேப்பராஸ்கோப் டவரின் (கேமரா பெட்டியும் திரையும் அடுக்கின ஸ்டாண்டு) பின்னால வீடியோ அவுட் இருக்கும். ஹெச்டிஎம்ஐ, டிவிஐ, எஸ்டிஐ, எதுன்னு முதலில் பாருங்க. பழைய டவருக்குக் கன்வெர்ட்டர் வேணும். அங்கிருந்து படத்தை லேப்டாப்புக்குள்ள வாங்குற யுஎஸ்பி கேப்சர் கார்டு, அப்புறம் லேப்டாப். வைஃபை வேண்டாம், கேபிள் இழுங்க. காட்டரி (மின்சாரத்தால் சதையைச் சுட்டு அறுக்கிற கருவி) கம்பியோட சேர்த்து இழுத்தா, மிதியை அழுத்தும்போதெல்லாம் திரையில் கோடு ஓடும், சில சமயம் கார்டே விட்டுப்போகும். கேபிளை எதிர்ப்பக்கமா கொண்டு போங்க. டவர் திரையின் மூலையில் நோயாளி பேர் ஓடும், அதை மறைச்சிட்டுத்தான் அனுப்பணும்.

எல்லாரும் மாட்டிக்கிற இடம் வேற. தியேட்டருக்கு யுபிஎஸ் இருக்கும், ஜெனரேட்டர் இருக்கும். ரவுட்டர் ரிசப்ஷன் மேசைக்கு அடியில் சாதா பிளக்கில் கிடக்கும். கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிக்க 15 செகண்டுதான். ஆனா ரவுட்டர் செத்துப் பிழைக்க ரெண்டு நிமிஷம். ரவுட்டருக்கும் அந்த ஃபைபர் பெட்டிக்கும் 12 வோல்ட் குட்டி யுபிஎஸ் ஒன்று போடுங்க. ஐப்பசி, கார்த்திகையில் இதைத்தான் முதலில் நினைப்பீங்க.

காரையார் மாதிரி இடங்களில் டேட்டாவை நம்பாதீங்க. எஸ்எம்எஸ் ஒரு கோடு சிக்னலிலும் போகும். "எண் 212, நாள் 5, சூடு 99, கட்டு காய்ந்தது"ன்னு ஒரு வரி. படம் வேணும்னா ஆள் கீழே இறங்கி வர்ற சந்தை நாளில்.


பதில் 4: மயக்க மருந்து மேசை

சட்டம் பற்றி யாரும் சொல்லவில்லை. நாட்டில் தொலைமருத்துவ நெறிமுறை வந்தது 2020 மார்ச் 25-ல். அதன்படி, நேரில் பார்த்த நோயாளியை அதே நோய்க்காக 6 மாதத்துக்குள் போனில் பார்ப்பது தொடர் ஆலோசனை. நோயாளியே கூப்பிட்டால் சம்மதம் உண்டு என்று பொருள். நீங்கள் கூப்பிடுவதாக இருந்தால் வெளிப்படையான சம்மதம் வேண்டும். டிஸ்சார்ஜ் அன்றே கையெழுத்து வாங்கி வையுங்கள். படம், பேசிய நேரம், சொன்ன மருந்து எல்லாம் கேஸ் தாளில் ஏற வேண்டும். சர்ஜனின் சொந்த போனில் மட்டும் கிடந்தால் அது ஆவணம் அல்ல.

அதிகம் தவறுவது டிரமடால் என்ற வலி மருந்தில். 2018 முதல் அது மனமயக்கப் பொருள் பட்டியலில் இருக்கிறது, போனில் எழுதக் கூடாது. வலி மருந்தை எத்தனை நாளுக்கு என்று டிஸ்சார்ஜ் சீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனையிலும் பாதி போனில் முடியும். வாயைத் திறந்து மூன்று விரல் நிறுத்த முடிகிறதா, கழுத்தை அண்ணாந்து பார்க்க முடிகிறதா என்று வீடியோவில் பார்க்கலாம். மாத்திரை அட்டைகளை எல்லாம் தரையில் பரப்பிக் காட்டச் சொல்லுங்கள். பெயர் கேட்டால் "சுகர் மாத்திரை, வெள்ளை" என்றுதான் பதில் வரும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சுகர் மாத்திரை அட்டை கண்ணில் பட்டால் 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்ல வேண்டும். ஆபரேஷன் அன்று காலையில் கண்டுபிடித்தால் அன்றைய பட்டியலே குலையும். இதயமும் நுரையீரலும் ஸ்டெத்தில்தான்.


அம்பை வார்டு சிஸ்டர்

ரொம்ப நன்றி. ரெண்டு சந்தேகம். வயிற்றுச் சுவர் மெஷ் கேஸ் சிலர் டிரெயினோட (புண்ணிலிருந்து நீர் வடியிற குழாயும் பையும்) வீட்டுக்குப் போறாங்க. அதைப் போனில் எப்படிப் பார்க்கிறது? அப்புறம், ரோபோ வச்சு சர்ஜன் அவர் ஊரிலிருந்தே ஆபரேஷன் பண்ணலாமேன்னு எங்க நிர்வாகி கேட்கிறார், என்ன பதில் சொல்ல?


நெல்லை சர்ஜன்

நிர்வாகிக்கு: 2001 செப்டம்பர் 7-ல் நியூயார்க்கிலிருந்து ஸ்ட்ராஸ்பர்க்கில் இருந்த பெண்ணுக்குப் பித்தப்பை எடுத்தாங்க. தனி ஃபைபர் தடம், கை அசைவுக்கும் திரைக்கும் நடுவில் சுமார் 155 மில்லி செகண்ட் தாமதம். அப்போதும் நோயாளி பக்கத்தில் ஒரு முழு சர்ஜன் குழு கையுறையோட நின்னுச்சு. நம்மகிட்ட அந்தக் குழு இருந்தா ரோபோ எதுக்கு? ரவுட்டருக்கு யுபிஎஸ் வாங்கச் சொல்லுங்க.

டிரெயின்: பையில் இருக்கிற கோட்டைப் படம் எடுத்து அளவு சொல்லக் கூடாது, அமுக்கின பையில் கோடு பொய் சொல்லும். 50 மில்லி சிரிஞ்ச் ஒன்று கொடுத்து, காலை 7, மாலை 7-க்குக் காலி செய்து, அதில் அளந்து எழுதச் சொல்லுங்க. ஊற்றின பிறகு பையை அமுக்கி மூடணும்; மூடின கொஞ்ச நேரத்தில் பை காற்றால் உப்பினால் எங்கோ காற்று ஏறுது, குழாய் நுழையும் இடத்துக் கட்டைப் பார்க்கணும். 24 மணி நேரத்துக்கு 30 மில்லிக்குக் கீழே, அடுத்தடுத்து ரெண்டு நாள் வந்தால் எடுக்கலாம்.

ஆனா 80 வந்தது மறுநாள் திடீர்னு 0 என்று வந்தால் சந்தோஷப்படாதீங்க. குழாயில் ரத்தக்கட்டி அடைச்சிருக்கும், இல்லேன்னா படுக்கும்போது குழாய் மடங்கியிருக்கும். குழாய் முழு நீளத்தையும் வீடியோவில் மெதுவாக் காட்டச் சொல்லுங்க. மடிப்பு இல்லேன்னா அன்னைக்கே வரட்டும். பச்சை, சாண நிறம், அல்லது ஒரு மணி நேரத்தில் பை நிறைய நல்ல ரத்தம் என்றால் செவ்வாய், வெள்ளி பார்க்காதீங்க. நேரே பாளை ஹைகிரவுண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டு எனக்குச் சொல்லுங்க.