தோப்பு வீட்டுச் சொந்தங்கள்

பெரியப்பா, காலை 6:42
(படம்)
கிணற்று மேட்டுப் பெங்களூரா மாமரம். நேற்று காய் பறிக்க ஏறிய பையனை முசுறு (இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும் செவ்வெறும்பு) கடித்து, கால் கூடை நிரம்பும் முன் இறங்கி ஓடிவிட்டான். இன்று அந்தப் பெரிய கூட்டை வெட்டி எரிக்கப் போகிறேன். ராணி செத்தால் கதை முடிந்தது.

நான், 6:50
பொறுங்கள் பெரியப்பா. ராணி அதில்தான் இருக்கிறது என்று யார் சொன்னது?

சித்தப்பா, 6:51
அண்ணா, அந்த மரத்தில் மட்டும் 9 கூடு. பக்கத்துச் செந்தூராவில் 4. போன வாரம்தான் எண்ணினேன்.

நான், 6:58
இரண்டு மரத்து முசுறும் சண்டை போடாமல் போய்வந்தால் எல்லாம் ஒரே குடும்பம். வழக்கமாகக் குடும்பத்துக்கு ஒரே ராணி, 13 கூட்டில் ஏதோ ஒன்றில் இருக்கும். அது இடும் முட்டைகளை வேலைக்காரிகள் வாயில் கவ்வி மற்ற கூடுகளுக்குக் கொண்டுபோவார்கள். எல்லையோரக் கூடுகளில் காவலுக்கு இருப்பதோ வயதான வேலைக்காரிகள்.

அத்தை, 7:01
நம் பாட்டியைத் திண்ணையில் உட்கார வைத்த மாதிரி 😄

அண்ணா, 7:02
வேலைக்காரியா? எல்லாம் பெண்ணா? அப்புறம் ஆணுக்கு என்ன வேலை?

நான், 7:09
கடிப்பது, தூக்குவது, கூடு தைப்பது எல்லாம் பெண்கள். ஆணுக்குச் சிறகு உண்டு. மழைக்காலத்தில் பறந்து இளம் ராணியோடு கூடும், கொஞ்ச நேரத்தில் செத்துப்போகும். அப்போது வாங்கிய விந்தை ராணி ஆயுள் முழுக்க வயிற்றுப் பையில் வைத்திருக்கும். விந்து சேர்த்து இட்ட முட்டை பெண், சேர்க்காமல் இட்டது ஆண். அதனால் ஆண் எறும்புக்கு அப்பா கிடையாது. தாத்தா மட்டும் உண்டு.

சித்தப்பா, 7:10
இரண்டு முறை படித்தேன். சரியாகத்தான் இருக்கிறது!

நான், 7:12
தைக்கும் நூலும் வேடிக்கைதான். புழுப் பருவத்துக் குட்டிகளைக் கவ்விப் பிடித்து, அவை விடும் பட்டிழையால் இலைகளை ஒட்டுவார்கள்.

சித்தப்பா, 7:12
குழந்தைத் தொழிலாளர்!

அத்தை, 7:14
சிறகு முளைத்துப் பறப்பது ஈசல்தானே? சின்ன வயதில் பொரியரிசியோடு வறுத்துத் தின்றோமே.

நான், 7:16
ஈசல் கறையான், அத்தை. எறும்பு குளவிக்குச் சொந்தம், கறையான் கரப்பானுக்குச் சொந்தம். அங்கே ராஜாவும் சாகாமல் ராணியோடு குடித்தனம் நடத்தும்.

அத்தை, 7:16
கரப்பானுக்கா! இதை நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்.

பெரியப்பா, 7:20
ராணி செத்தால் என்ன ஆகும், அதைச் சொல்.

நான், 7:23
வேலைக்காரிகளும் முட்டை இடுவார்கள், ஆனால் ஆண் மட்டும்தான் பிறக்கும். ஆளில்லாமல் குடும்பம் மெல்ல அழியும். அதற்கு நீங்கள் 13 கூட்டையும் பிரிக்க வேண்டும். மருந்தும் வேண்டாம், பறிக்கிற நேரம். முசுறு இருந்தால் தத்துப்பூச்சியும் பழ ஈயும் குறையும். சீனாவில் 1,700 ஆண்டுக்கு முன்பே ஆரஞ்சுத் தோட்டத்துக்கு முசுறுக் கூட்டைச் சந்தையில் வாங்கினார்கள். ஆனால் மாவுப்பூச்சி கழிக்கும் தேன்பால் என்ற இனிப்பு நீருக்காக அதை மாடு மாதிரி மேய்க்கும், அது ஒரு கெட்ட குணம்.

பெரியப்பா, 7:25
ஒரு கூடு 50 ரூபாய். யாருக்கு வேண்டும்?

சித்தப்பா, 7:27
ஏறும் கிளையில் தொங்குவதை மட்டும் தொரட்டியால் இறக்குங்கள். கை காலில் சாம்பல் பூசிக்கொண்டு ஏறட்டும். அப்பா அப்படித்தான் ஏறுவார்.

பெரியப்பா, 9:40
பையன் வரவில்லை. நானே ஏறினேன். இரண்டு கூடை ஆயிற்று. கழுத்தில் சாம்பல் பூச மறந்துவிட்டேன்.

அத்தை, 9:41
அங்கே கிழவி காவல், நம் வீட்டில் கிழவரா அண்ணா?