ஓரானியன்பர்க்: மூக்கு மேல்நோக்கிக் கிடக்கும் குண்டுகள்

பெர்லினிலிருந்து எஸ்1 ரயிலில் போனால் கடைசி நிறுத்தம் ஓரானியன்பர்க். சாக்சன்ஹவுசன் வதைமுகாமைப் பார்க்க வருகிறவர்கள் இறங்கும் ஊர். 1945 மார்ச் 15 அன்று 600க்கும் மேற்பட்ட அமெரிக்க விமானங்கள் இங்கே குண்டு போட்டன. இலக்கு, யுரேனியமும் தோரியமும் சுத்திகரித்த அவுவர் ஆலை. அது சோவியத் கைக்குப் போய்விடக் கூடாது என்பதே நோக்கம். அன்று வெடிக்காமல் மண்ணுக்குள் போன குண்டுகளில் 1990க்குப் பிறகு மட்டும் 200க்கு மேல் எடுத்துவிட்டார்கள், இன்னும் முடியவில்லை.

—

இந்தக் குண்டுகளை நமுத்துப்போன பட்டாசு மாதிரி என்று நினைக்க வேண்டாம். உள்ளே இருக்கும் டி.என்.டி. வெடிமருந்து மண்ணின் ஈரத்தில் கெட்டுப்போவதில்லை. சிக்கல் வால்பக்கத்து ஃப்யூஸில், அதாவது குண்டை வெடிக்க வைக்கும் அமைப்பில். குண்டு விழும்போது வாலிலுள்ள விசிறி சுழன்று, திருகாணியை உள்ளே தள்ளி, கண்ணாடிக் குப்பியை உடைக்கும். அதிலுள்ள அசிட்டோன் என்ற திரவம், ஸ்பிரிங் ஊசியைத் தடுத்து நிற்கும் செல்லுலாய்டு (ஒருவகைப் பிளாஸ்டிக்) வில்லையைக் கரைக்கும். வில்லை இளகினால் ஊசி பாயும். சில மணி நேரத்திலோ சில நாளிலோ வெடிக்க வேண்டிய ஏற்பாடு இது.

ஓரானியன்பர்க்கில் மேலே இளகிய மணல், அடியில் கெட்டியான அடுக்கு. குண்டு வளைந்து திரும்பி மூக்கு மேலே பார்க்க நின்றுவிடுகிறது. அசிட்டோன் வால்பக்கம் வடிந்துவிட, வில்லையைத் தொடுவது ஆவி மட்டும்தான். அன்று கரையாமல் தப்பிய செல்லுலாய்டு இன்று வயதாகி நொறுங்குகிறது. அதனால் வருஷம் போகப் போக ஆபத்து கூடுகிறதே தவிர குறையவில்லை.

—

தேடும் முறை பற்றியும் சொல்ல வேண்டும். முதலில் நேச நாடுகள் எடுத்த வான்வழிப் படங்கள். ஆனால் வெடிக்காத குண்டின் துளை சிறியது, மரநிழலிலோ இடிபாட்டிலோ மறைந்துவிடும். அடுத்து காந்தமானி, மண்ணுக்குள் இருக்கும் இரும்பைக் காட்டும் கருவி. கட்டடம் உள்ள இடத்தில் மேலிருந்து அளந்தால் பழைய கம்பி, குழாய் எல்லாம் குண்டு மாதிரியே காட்டும். எனவே சுமார் ஒன்றரை மீட்டர் இடைவெளியில் ஆழத் துளையிட்டு, பிளாஸ்டிக் குழாய் இறக்கி, கருவியை உள்ளே விட்டு அளக்கிறார்கள். இரும்புக் குழாய் இறக்கினால் அளவே கெட்டுவிடும். நிலத்தடி நீர் மேலேயே இருந்தால் பம்பு போட்டு இறைத்த பிறகுதான் தோண்ட முடியும்.

—

ஃப்யூஸைக் கழற்றினால் வெடிக்கும் பூட்டும் உள்ளே உண்டு. அதனால் சில இடங்களில் தூரத்திலிருந்து இயக்கும் நீர்ப்பீச்சால் ஃப்யூஸை அறுத்தெடுக்கிறார்கள். முடியாவிட்டால் அங்கேயே வெடிக்க வைப்பதுதான் வழி. அதிலும் கவனம் வேண்டும்: 2012 ஆகஸ்டில் மியூனிக்கின் ஷ்வாபிங்கில் 250 கிலோ குண்டை மூடிய வைக்கோல் தீப்பிடித்துப் பறந்து, பக்கத்துக் கூரைகள் எரிந்தன. 2010 ஜூன் 1 அன்று கோட்டிங்கனில் இதே வகை ஃப்யூஸ் கொண்ட குண்டு, செயலிழக்கச் செய்யத் தொடங்கும் முன்பே வெடித்து 3 நிபுணர்கள் இறந்தார்கள்.

—

ஓரானியன்பர்க்கில் தங்கியிருக்கும்போது குண்டு கிடைத்து வெளியேறச் சொன்னால்: சுற்றிலும் பெரும்பாலும் 1,000 மீட்டர் வரை காலி செய்வார்கள். மருந்து, அடையாள அட்டை, குழந்தைக்கு வேண்டியது, ஒரு முழு நாளுக்கான சாப்பாடு எடுத்துக்கொள்ளுங்கள். நடக்க முடியாதவர்களுக்கு வண்டி வேண்டுமென்றால் முன்கூட்டியே கேளுங்கள். ரயிலும் நிற்கலாம். வீடு வீடாகப் பார்த்து, கடைசி ஆள் வெளியேறிய பிறகே வேலையைத் தொடங்குவார்கள். ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தால் ஊரே காத்திருக்க வேண்டியதுதான்.