ஆட்டு இதயத்தை வகுப்பில் அறுத்துக் காட்டியவர்கள் யோசனை சொல்லுங்கள்

வணக்கம். எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். தவளையை அறுத்துப் பார்த்த காலம் போய்விட்டது. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. கறிக்கடையில் கிடைக்கும் ஆட்டு இதயத்திலேயே நான்கு அறைகளையும் காட்டிவிடலாம் என்று போன வாரம் ஒன்று வாங்கிப் போனேன்.

கடைக்காரர் பழக்க தோஷத்தில் நடுவில் ஒரு கீறு கீறி, மேலே இருந்த குழாய்களையும் நறுக்கித் தள்ளிவிட்டார். "பெருந்தமனி எங்க டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்க, கரும்பலகைப் படத்தைத்தான் காட்ட வேண்டியதாயிற்று. ஆனாலும் இடது வெண்ட்ரிக்கிளின் (கீழறையின்) சுவர் வலதைவிட எவ்வளவு தடிமன் என்று விரலால் அழுத்திப் பார்த்தார்கள். வால்வைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கும் வெள்ளை நூல்களை ஊக்கால் தூக்கிக் காட்டியதும் வகுப்பே கப்சிப்.

அடுத்த பிரிவுக்கு வரும் வெள்ளிக்கிழமை காட்ட வேண்டும். குழாய்களோடு முழு இதயமாக வேண்டுமென்றால் கடையில் முதல் நாளே சொல்லி வைக்க வேண்டுமா? காலையில் வாங்கினால் மதியம் மூன்றாவது பீரியட் வரை ஐஸ் பெட்டி தாங்குமா? பள்ளியில் ஃப்ரிட்ஜ் கிடையாது. கெடாமல் இருக்க ஊற்றும் ஃபார்மலின் பக்கம் பிள்ளைகளை விட எனக்கு மனமில்லை. வால்வு கிழியாமல் இருக்க முதல் வெட்டு எங்கே போடுவது?

அப்புறம், இரண்டு பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்களுக்கு அறுத்துப் பார்க்கச் செம்பருத்திப் பூவைக் கொடுக்கலாம்தான், ஆனால் அதில் இதயப் பாடம் வராதே. வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.