மறு: சாவடிக் கல் மேடை – நிதி வேண்டுகோள்

எல்லோருக்கும் வணக்கம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போன தங்கை அனுப்பிய படத்தைப் பார்த்திருப்பீர்கள். சாவடியை இடித்த பிறகு, முதல் உலகப் போருக்குப் போனவர்களுக்காக வைத்த நம் ஊர் நினைவுக் கல் டீக்கடை வாசலில் கிடக்கிறது, மேலே காலி கேஸ் சிலிண்டர். அதற்கு மேடை கட்ட வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் துபாய் சித்தப்பா அனுப்பிய மதிப்பீடு ரூ.4,80,000. அதில் பந்தலும் விருந்தும் மட்டும் 1,10,000. போன தடவை குளம் தூர்வாரிய கணக்கே இன்னும் வரவில்லை, இது எதற்கு?

வரைபடத்தையும் பார்த்தேன். நன்கொடை தந்த 32 பேருக்குத் தங்க எழுத்து. செத்துப்போனவர்களுக்கு "இருவர்". பழைய கல்லிலும் அதேதான்: இந்த ஊரிலிருந்து 11 பேர் 1914–1919 போருக்குப் போனார்கள், 2 பேர் உயிரைக் கொடுத்தார்கள். பெயர் கிடையாது.

அந்த இருவரில் ஒருவர் எங்கள் பஸ்ரா தாத்தா, தாத்தாவின் அண்ணன். நான் இருக்கும் குவைத்திலிருந்து இராக்கின் பஸ்ரா பக்கம்தான், போக வாய்த்ததில்லை. அங்கே 1929இல் திறந்த நினைவுச் சின்னத்தில் 40,000 பேருக்கு மேல் கணக்கு. வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் பெயர் வெட்டியிருக்கிறது. நம் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவின் பெயரும் கீழே இத்தனை பேர் என்ற எண்ணிக்கையும்தான். அதிகாரியாக இருந்தால் மட்டும் பெயர். 1997இல் இராக் அதிபர் சதாம் உசேன் அதைப் பெயர்த்து நாசிரியா சாலையில் 32 கிலோமீட்டர் தள்ளிப் பாலைவனத்தில் வைத்தார்.

காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் தேடக் காசு வேண்டாம். தேடத்தான் பெயர் வேண்டும்! அவர் மனைவி பெரியாயா கடைசிவரை புருஷன் பெயரைச் சொன்னதில்லை. கேட்டால் "மயில்மேல வர்ற சாமி பேருடா" என்பாள். வேலுவா, ஆறுமுகமா, கந்தசாமியா? அப்பாவுக்கும் அவர் வெறும் பஸ்ராக்காரர்தான்.

சண்டை முடிந்ததும் சர்க்கார் கொடுத்த வெண்கலத் தட்டு ஒன்று வீட்டில் இருந்தது. உள்ளங்கை அகலம், ஒரு பொம்பளை, ஒரு சிங்கம், ஓரமாக ஒரு கட்டத்துக்குள் அவர் பெயர். பெரியாயா அதை மாங்காய் ஊறுகாய் ஜாடிக்கு மூடியாக வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை தோறும் புளி போட்டுத் தேய்த்து, சிங்கத்துக்கு மூக்கே இல்லை. ஆங்கில எழுத்து, சின்னப் பையன் எனக்குப் படிக்கத் தெரியவில்லை. பாகம் பிரித்தபோது ஜாடி மேலவீட்டுக்குப் போனது. அக்கா, தட்டு உங்களிடம் இருக்கிறதா? பெயர் தெரிந்த பிறகு என் பங்கு 25,000 அனுப்புகிறேன். அதுவரை இல்லை.

---

தம்பி,

ஜாடி வந்தது நிஜம். மூடி வந்ததா என்று அம்மாவைத்தான் கேட்க வேண்டும், அவர்கள் இல்லை. ஜாடியை எண்ணி வைத்திருக்கிறாய், கிணற்றடி மோட்டாரை ராத்திரியோடு ராத்திரியாக யார் கழற்றிக்கொண்டு போனது என்று உன் அப்பா சொல்லவில்லையா? எங்கள் நெல் கருகியது யார் கணக்கில்?

பெரியாயா அந்தத் தட்டில் எனக்கு வெல்லம் வைத்துக் கொடுப்பாள். பரணில் ஈயம் போன பாத்திர மூட்டை ஒன்று கிடக்கிறது. சாவி சின்னவனிடம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை ஏறிப் பார்க்கச் சொல்கிறேன். கிடைத்தால் படம் இங்கேதான் வரும், உனக்குத் தனியாக அனுப்ப மாட்டேன்.