மூணாவது மைலில் ஒரு நீதிபதி

மினியாபொலிஸில் நான் ஓடிய முதல் மாரத்தான். அக்டோபர் காலை, கையுறைக்குள்ளேயே விரல் விறைச்சுப் போச்சு. மூணு மைல் தாண்டினதும், முன்னாடி ஓடினவங்க ரோட்டோரமா ஒதுங்கிக் கையசைக்கிறாங்க. அங்கே உயரமான ஒருத்தர், உடம்பைச் சுத்தி மலைப்பாம்பு மாதிரி சூசஃபோன்ங்கிற பெரிய பித்தளை ஊதுகருவி, தலைக்கு மேல அதோட பெரிய வாய். "பூம், பூம்"னு அந்தச் சத்தம் நெஞ்சுல வந்து இடிச்சுது. கூட ஓடினவர் "ஜஸ்டிஸ் பேஜ்!"னு கத்தினார்.

ஆலன் பேஜ். 1966-ல் அமெரிக்கக் கால்பந்துல தேசிய சாம்பியனான நோட்ரடேம் கல்லூரி அணியின் தூண். அப்புறம் மினசோட்டா வைக்கிங்ஸ்ங்கிற தொழில்முறை அணி. 1971-ல் அந்த ஆட்டத்தோட தேசிய லீக்கான என்.எஃப்.எல்.லின் மிக மதிப்புமிக்க வீரர். தடுப்பு வரிசையில் ஆடுற ஒருத்தருக்கு அந்த விருது அதுவரை கிடைச்சதே இல்லை. ஆடிக்கிட்டே சட்டம் படிச்சு 1978-ல் பட்டம் வாங்கினார். 1992-ல் தேர்தலில் ஜெயிச்சு மினசோட்டா மாநில உச்ச நீதிமன்றத்துக்கு வந்த முதல் கறுப்பினத்தவர். 70 வயசுல ஓய்வு பெறும்வரை, 2015 வரைக்கும் அங்கேதான். அந்த மாரத்தான் முடியுறதும் செயின்ட் பால்ல, நீதிமன்றத்துக்குப் பக்கத்துல இருக்கிற கேப்பிட்டல், அதாவது மாநில சட்டமன்றக் கட்டடத்து வாசல்லதான். கடைசி மேட்டுல அந்த 'பூம்' காதுக்குள்ள கேட்டுக்கிட்டே இருந்தது.

—

நீங்க சொன்னதும் எனக்கு என் பொண்ணோட பள்ளிக்கூடம் ஞாபகம் வந்துச்சு. அதுக்கு முன்னாடி ராம்சேன்னு பேரு. 1862-ல் டகோட்டா பழங்குடி மக்களை அழிக்கணும், இல்லேன்னா விரட்டணும்னு சொன்ன மினசோட்டா ஆளுநர் அவர். பிள்ளைங்களே முன்னெடுத்து 2017-ல் ஜஸ்டிஸ் பேஜ் நடுநிலைப் பள்ளின்னு மாத்தினாங்க. அந்தப் பேர் போட்ட டீ-ஷர்ட்டை என் பொண்ணு துவைக்கக்கூடத் தரமாட்டா.

—

ஒஹாயோ மாநிலத்துல கான்டன் போயிருந்தேன், அமெரிக்கக் கால்பந்துப் புகழ் மண்டபம் இருக்கிற ஊர். பேஜ் பிறந்த ஊரும் அதுதான். அந்தக் கட்டடம் எழும்பும்போது பள்ளிக்கூடப் பையனா இருந்தவர் அங்கே கூலி வேலை பார்த்திருக்கார். 1988-ல் அதே மண்டபத்துல அவரைச் சேர்த்தப்போ, தன்னை அறிமுகப்படுத்தப் பயிற்சியாளரைக் கூப்பிடலை. மினியாபொலிஸ் பள்ளித் தலைமையாசிரியை ஒருத்தரைக் கூப்பிட்டார். மேடையில பேசினதும் படிப்பைப் பத்தித்தான். அதே வருஷம் தொடங்கின பேஜ் கல்வி அறக்கட்டளை கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பணம் கொடுக்குது. அதுக்குப் பதிலா அவங்க சின்னப் பிள்ளைகளுக்கு வழிகாட்டணும். எங்க பக்கத்து வீட்டுப் பையன் அந்த உதவித்தொகையில படிச்சான். சனிக்கிழமை தவறாம ஒரு மூணாம் வகுப்புக் குழந்தைக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கப் போவான், பனி கொட்டினாலும்.